நெருக்கடி ஆண்டில் சபையின் வரவு செலவு: யாழ்ப்பாணத்துச் சிறிய சபைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள் இருக்கின்றன. 2022இல் ரூபா சரிந்தபோது பதினேழும் ஒரே இக்கட்டில் அகப்பட்டன. செலவு சந்தை விலையோடு ஏறியது, வருமானம் சட்டத்தில் எழுதிய தொகையிலேயே நின்றது. 2021 டிசெம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 யூன் இறுதியில் 460 ரூபா. அந்தச் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி ஒரு கடையிடம் வாங்கக்கூடிய அனுமதிப்பத்திரக் கட்டணமோ ஆகக்கூடியது 1,000 ரூபா, வியாபார வரி 3,000 ரூபா.

அடுத்த நெருக்கடியும் இதே வழியால்தான் வரும். சபை வங்குரோத்தாகி ஒரே நாளில் மூடப்படுவதில்லை. குப்பை ஏற்றும் உழவு இயந்திரம் ஒன்று நிற்கும், பிறகு குப்பை கிழமைக்கு ஒருமுறை எடுபடும், வாய்க்கால் துப்புரவாகாமல் மாரி வரும், நாட்சம்பளத் தொழிலாளிக்கு இரண்டு மாதம் காசு போகாது. இவை எல்லாமே கணக்கில் முன்கூட்டித் தெரியக்கூடியவை. புதிதாக வந்த தவிசாளர், உறுப்பினர், செயலாளர், கணக்குக் கிளையில் இருப்பவர்கள் கையோடு வைத்துச் செய்யக்கூடிய ஒழுங்கில் கீழே எழுதியிருக்கிறோம். உதாரணத் தொகைகள் கணக்கை விளக்குவதற்காக மட்டும். உங்கள் சபையின் தொகைகளைப் போட்டுப் பாருங்கள்.

1. வங்கியில் கிடப்பதில் சபையின் காசு எவ்வளவு

எல்லாக் கணக்குகளையும் நிலையான வைப்புகளையும் கூட்டினால் 36 மில்லியன் ரூபா வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர்களுக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த எண்தான். அதைப் பிரியுங்கள். ஒப்பந்தகாரரின் பில்லில் பிடித்து வைத்த பணம் 5 மில்லியன். கடை வாடகைக்காரர் கட்டிய வைப்பு 6 மில்லியன். குறித்த வீதிக்கென்று மாகாணத்திலிருந்து வந்த நன்கொடை 9 மில்லியன். கிடப்பில் இருக்கும் பில்கள் 4.5 மில்லியன். கட்டவேண்டிய ஊழியர் சேமலாப நிதி அரை மில்லியன். இவை 25 மில்லியன். சபைக்கு மிஞ்சுவது 11 மில்லியன்.

சொந்த நிதியிலிருந்து மாதம் 5.5 மில்லியன் செலவாகும் சபைக்கு இந்த 11 மில்லியன் இரண்டு மாதத்துக்குக் காணும். மூன்று மாதத்துக்குக் காணாவிட்டால் புதிய வேலை எதற்கும் கேள்வி (ரெண்டர்) கோராதீர்கள். ஒரு மாதத்துக்கும் காணாவிட்டால் உள்ளூராட்சி உதவி ஆணையாளரிடம் அன்றைக்கே எழுத்தில் போகவேண்டும்.

இங்கே நடக்கும் பெரிய பிழை, அடுத்தவரின் வைப்பை எடுத்துச் சம்பளம் போடுவது. முதல் மாதம் ஒருவருக்கும் தெரியாது. ஒப்பந்தகாரர் தன் பணத்தைக் கேட்டு வரும்போதோ கணக்காய்வு வரும்போதோ தெரியவரும். அதற்குள் ஓட்டை நாலு மடங்காகியிருக்கும். வைப்புகளுக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். ஒரே கணக்கில் கிடந்தால் கைவைக்காமல் இருப்பது கடினம்.

2. பதின்மூன்று கிழமைக் காசு அட்டவணை

டிசெம்பரில் நிறைவேறும் வரவு செலவுப் புத்தகம் அனுமதி மட்டும்தான். அதில் ஒதுக்கியிருப்பதாலேயே வங்கியில் காசு வந்துவிடாது. நல்ல ஆண்டில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக ஓடும். கெட்ட ஆண்டில் பிரிந்துவிடும். அதனால் ஒரு தாளில் அடுத்த பதின்மூன்று கிழமைகளை எழுதி, ஒவ்வொரு கிழமைக்கும் தொடக்க நிலுவை, உறுதியான வரவு, கட்டாயக் கொடுப்பனவு, முடிவு நிலுவை என நாலு வரிகள் போடுங்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு கிழமை கழியும், ஒரு கிழமை சேரும்.

வரவை அது வரவேண்டிய கிழமையில் எழுதாதீர்கள். கடந்த மூன்று ஆண்டும் உண்மையில் எந்தக் கிழமையில் வந்ததோ அங்கே எழுதுங்கள். யாழ்ப்பாணத்தில் இந்த ஓட்டத்துக்கு ஓர் அச்சு உண்டு. தை 31ஆம் திகதிக்குள் ஆண்டு வரி முழுவதையும் கட்டினால் பத்து வீதம் கழிவு என்பதால், வீடு, கடை, காணிகளுக்கான சோலைவரி அந்த மாதத்தில் குவியும். மாசியும் பங்குனியும் வறட்சி. சித்திரையில் பண்டிகை முற்பணம் கொடுக்கவேண்டும். வைகாசி முதல் புரட்டாதி வரை குடிதண்ணீர்ப் பவுசர் ஓடவேண்டும், தீவகத்துச் சபைகளுக்கு இது பெரிய செலவு. ஆடி, ஆவணியில் கோயில் திருவிழாக்கள்: தண்ணீர், துப்புரவு, மேலதிகநேரம் ஒரு பக்கம், தற்காலிகக் கடை வாடகை மறுபக்கம். ஐப்பசியில் மழை தொடங்கினால் வாய்க்காலும் நுளம்பும். மார்கழியில் ஆண்டு முடிவுப் பில்கள் எல்லாம் ஒன்றாக வந்து விழும்.

அட்டவணையில் ஆகக் குறைந்த கிழமை எது என்று பாருங்கள். அந்த நிலுவை ஒரு மாதச் சம்பளச் செலவுக்குக் கீழே போனால், அந்தக் கிழமை வருமுன் எடுக்கவேண்டிய முடிவை இன்றே நிதிக் குழுவுக்குக் கொண்டுபோங்கள்.

3. வரவை எழுதும் முறை

சபைகளின் வரவு செலவு பெரும்பாலும் வரவுப் பக்கத்தில்தான் பொய்யாகிறது. செலவு கூடி இடிக்கும்போது, சமப்படுத்துவதற்காக "வேறு வருமானம்", "எதிர்பார்க்கும் நன்கொடை" என்று நிரப்பிவிடுவார்கள். புத்தகம் சமன்படும், காசு வராது. ஒவ்வொரு தலைப்புக்கும் கடந்த மூன்று ஆண்டின் உண்மையான பெறுகையை எடுங்கள், முந்தைய மதிப்பீட்டைப் பார்க்கவே வேண்டாம். அதிலிருந்து நெருக்கடிக்குக் கழியுங்கள். தொடக்கத்துக்கு நடப்பு ஆண்டுச் சோலைவரியில் 5 வீதம், சந்தைக் குத்தகையில் 10 முதல் 15, மண்டப வாடகையில் 30, கட்டிட அனுமதிக் கட்டணத்தில் 40 முதல் 50 வீதம் கழிப்பது நியாயமாக இருக்கும். மூட்டை 1,000 ரூபா அளவில் இருந்த சீமெந்து 3,000 ரூபாவை எட்டினால் வீடு கட்டுபவர் நிறுத்திவிடுவார். கட்டணமும் அதோடு நின்றுவிடும்.

முத்திரைக் கட்டணத்தை ஆறுதலாகப் பாருங்கள். காணி கைமாறும்போது முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் அறவிடப்பட்டு, மாகாணத்தின் ஊடாக அந்தக் காணி இருக்கும் சபைக்கு வருகிறது. 5 மில்லியன் ரூபாக் காணி ஒன்றின் உறுதியில் (கைமாற்றப் பத்திரத்தில்) 3,000 ரூபாவும் 196,000 ரூபாவும், மொத்தம் 199,000 ரூபா. 199 கடைகள் ஆகக்கூடிய அனுமதிக் கட்டணம் கட்டினால் வரும் தொகை அது. ஒரே ஓர் உறுதி! ஆகவே பல சபைகள் உண்மையில் காணி விற்பனையில் உயிர் வாழ்கின்றன. ரூபா சரியும்போது வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இங்கே காணி மலிவாகிறது, எனவே இந்த வருமானம் நெருக்கடியில் உடனே விழும் என்றும் சொல்லமுடியாது. ஆபத்து காலத்தில் இருக்கிறது: பணம் சுணங்கி, தவணை தவணையாக வரும். வரவேண்டிய நிலுவையை வரவாக எழுதாமல் தனி வரியில் காட்டுங்கள். எல்லைக் கிராமங்களின் உறுதிகள் பக்கத்துச் சபையின் பெயரில் போயிருக்கின்றனவா என்று காணிப் பதிவகப் பட்டியலோடு ஒப்பிட ஒரு உத்தியோகத்தரை மாதத்தில் இரண்டு நாள் ஒதுக்குங்கள். அந்த இரண்டு நாள் வேலைக்குக் கிடைக்கும் பலன் வேறு எதிலும் கிடைக்காது.

4. சோலைவரி

கையில் உள்ள ஒரே வளரக்கூடிய வரி இது. ஆண்டுப் பெறுமதியின் வீதமாக அறவிடப்படுவதால் விலைவாசியோடு நகரக்கூடியது, ஆனால் மதிப்பீடு பழையதாகவே கிடந்தால் நகராது. விலை மதிப்பீட்டுத் திணைக்களத்திடம் மீள்மதிப்பீடு கேட்டு எழுதுவதை நெருக்கடி முடியட்டும் என்று ஒத்திப்போடாதீர்கள். கேட்டவுடன் வராது. வரும்போது நெருக்கடி தணிந்திருக்கும், அதுவே உயர்த்துவதற்கு நல்ல நேரம். பிரதேச சபைகளில் கட்டிடம் செறிந்த இடமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில் மட்டும்தான் இந்த வரியை அறவிடலாம். முப்பது ஆண்டுக்கு முன் தோட்டமாக இருந்து இன்று கடைத்தெருவாகிவிட்ட இடங்கள் பல பட்டியலுக்கு வெளியே கிடக்கின்றன. அந்தப் பிரகடன வேலையையும் இப்போதே தொடங்குங்கள்.

மீள்மதிப்பீடு இல்லாமலே செய்யக்கூடியது, விடுபட்டவற்றைச் சேர்ப்பது. மூன்று பதிவேடுகளை மேசையில் விரியுங்கள்: கட்டிட அனுமதிப் பதிவேடு, வியாபார அனுமதிப்பத்திரப் பதிவேடு, சோலைவரிப் பதிவேடு. மேல்மாடி கட்ட அனுமதி எடுத்த வீடு வரிப் பதிவேட்டில் இன்னும் ஒற்றைத் தளமாக இருக்கும். வீடென்று பதிந்த இடத்தில் தனியார் கல்வி நிலையமோ விருந்தினர் விடுதியோ நடக்கும். ஒரு வட்டாரத்துக்கு வருமானப் பரிசோதகர் ஒருவரும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரும் சேர்ந்து போனால் பதினைந்து வேலை நாளில் முடிக்கலாம். சுற்றுலா அதிகாரசபையில் பதிந்த விடுதிகளுக்கு முந்தைய ஆண்டுப் பெறுகையில் 1 வீதம் வரை அறவிட இடமிருக்கிறது. 1,000 ரூபா உச்சவரம்பு அவர்களுக்குப் பொருந்தாது என்பதைப் பல இடங்களில் கவனிப்பதில்லை.

அடுத்தது நிலுவை. பட்டியலைப் பெயர் ஒழுங்கில் அல்லாமல் தொகை ஒழுங்கில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சிலரே நிலுவையின் பெரும் பங்கை வைத்திருப்பார்கள். அவர்களை மூன்றாகப் பிரியுங்கள்.

கட்ட வசதியுள்ள வியாபார நிலையங்கள் முதல் கூட்டம். அறிவித்தல், நினைவூட்டல், பிறகு சட்டப்படி சொத்தைக் கைப்பற்றும் ஆணை. இதில் தயவு காட்டினால் ஒழுங்காகக் கட்டும் பக்கத்துக் கடைக்காரருக்கு அநியாயம் செய்கிறோம்.

இரண்டாம் கூட்டம் பூட்டிய வீடுகள். உரிமையாளர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார், அல்லது பதிவேட்டில் இருப்பது காலமான பேரனாரின் பெயர், வாரிசுகள் ஐந்து நாட்டில். அறிவித்தலைப் படலையில் ஒட்டினால் பயனில்லை. வீட்டைப் பார்ப்பவர், பக்கத்து உறவினர், ஊர்ச் சங்கம் ஊடாக ஒரு தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் எடுத்து, வரி இலக்கம், ஆண்டு வாரியான நிலுவை, வங்கிக் கணக்கு விபரம் மூன்றையும் ஒரே தாளில் அனுப்புங்கள். கட்டியவுடன் பற்றுச்சீட்டின் படத்தை அனுப்பிவையுங்கள். அடுத்த ஆண்டு அவர் தானாகக் கட்டுவார். அவர்கள் சபைக்குக் கட்டாயம் வரும் ஒரு நேரம் உண்டு: காணியை விற்க அல்லது எழுதிக்கொடுக்க வீதிக்கோட்டுச் சான்றிதழ், உரித்தாகாமைச் சான்றிதழ் (காணி சபைக்கு உரித்தாகவில்லை என்பது) கேட்கும்போது. அந்த விண்ணப்பம் வரும் மேசையில் நிலுவைப் பட்டியல் திறந்திருக்கவேண்டும். உரிமை மாற்றப் பதிவையும் அதே நாளில் செய்துவிடுங்கள்.

மூன்றாம் கூட்டம் உண்மையில் இயலாதவர்கள். தொழில் போன கடற்றொழில் குடும்பம், தனியே பிள்ளைகளை வளர்க்கும் தாய், ஓய்வூதியம் இல்லாத முதியவர். இவர்களுக்குச் சபைத் தீர்மானத்தோடு பன்னிரண்டு தவணை கொடுங்கள், மாதம் 300 ரூபாவாக இருந்தாலும் பரவாயில்லை. உறுப்பினர் வாய்ச்சொல்லில் கொடுக்கும் சலுகை கணக்காய்வில் நிற்காது, அடுத்தவருக்கு நியாயமாகவும் இருக்காது.

தை மாதக் கழிவை நிறுத்தி வருமானத்தைக் கூட்டலாமே என்ற யோசனை ஒவ்வொரு நெருக்கடியிலும் எழும். கணக்கைப் பாருங்கள். காலாண்டுக்குக் காலாண்டு உரிய முதல் மாதத்தில் கட்டுபவருக்கும் 5 வீதம் கழிவு உண்டு. ஆகவே தையில் முழுவதும் வாங்க நாங்கள் மேலதிகமாகக் கொடுப்பது 5 வீதம். அதற்குப் பதிலாகச் சராசரி நாலரை மாதம் முன்னால் காசு வருகிறது. இது ஆண்டுக்குச் சுமார் 13 வீத வட்டிக்குச் சமன். 2022 இறுதியில் திறைசேரி உண்டியல் வட்டி 30 வீதத்தைத் தாண்டியிருந்தது. கழிவை வைத்திருங்கள். மார்கழி முதற் கிழமையிலேயே ஒலிபெருக்கியில் அறிவித்து, தை மாதச் சனிக்கிழமைகளில் உப அலுவலகங்களைத் திறந்து வையுங்கள்.

5. சந்தைக் குத்தகை

திருநெல்வேலி, சுன்னாகம், மருதனார்மடம், கொடிகாமம், நெல்லியடி போன்ற சந்தைகளை வைத்திருக்கும் சபைகளுக்கு இது முதுகெலும்பு. நெருக்கடியில் முதலில் முறிவதும் இதுதான். முறியும் விதம் எங்கும் ஒன்று: போட்டியில் ஒருவர் அளவுக்கு மீறிக் கேட்டுக் குத்தகை எடுப்பார். நாலாம் மாதம் தவணை நிற்கும். அதற்கு முன்னரே நட்டத்தைச் சரிக்கட்ட, கட்டண அட்டவணைக்கு மேலாகக் கீரைக்கட்டு கொண்டுவரும் அம்மாவிடம் வாங்கத் தொடங்கியிருப்பார். விற்பவர்கள் வீதியோரத்துக்குப் போவார்கள். அடுத்த ஆண்டு கேள்வி இன்னும் விழும். விளைபொருளில் வியாபாரிகள் பத்து வீதம் கழிப்பது பற்றி விவசாயிகள் நெடுநாளாகச் சொல்லும் முறைப்பாடும் இதே பாதையில்தான் சந்தையை வெறுமையாக்குகிறது. அது வெறும் விவசாயிகளின் பிரச்சினை என்று சபை ஒதுங்கிவிட முடியாது.

தடுக்க இவ்வளவு செய்யவேண்டும். கேள்வி கோருமுன் சபை ஊழியர்களே ஏழு நாள் தொடர்ந்து வாசலில் நின்று எண்ணவேண்டும்: எத்தனை வாகனம், எத்தனை கூடை, எத்தனை இருக்கை. அதைக் கட்டண அட்டவணையால் பெருக்கி 52 கிழமைக்குக் கணக்கிட்டு, மழைக் கிழமைகளுக்கும் குத்தகைகாரரின் ஆட்கூலி, இலாபத்துக்கும் 25 முதல் 30 வீதம் கழியுங்கள். ஆரம்ப விலை அதுதான். அதிலிருந்து மூன்றிலொரு பங்குக்கு மேலாகக் கூட்டி ஒருவர் கேட்டால் சந்தோஷப்படாதீர்கள், எப்படிக் கட்டுவார் என்று எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

மூன்று மாதத் தவணை முற்பணமாக, அதற்குச் சமமான வங்கி உத்தரவாதம், 14 நாள் சுணங்கினால் ஒப்பந்தம் ரத்து. இந்த நிபந்தனைகள் கேள்விப் பத்திரத்திலேயே இருக்கவேண்டும், பிறகு சேர்க்கமுடியாது. 2020, 2021 கொரோனா முடக்க காலத்தில் சந்தைகள் மூடப்பட்டன. அரசு உத்தரவால் மூடும் நாட்களுக்கு என்ன கழிவு என்பதையும் எழுதுங்கள். ரத்துச் செய்த மறுநாள் காலை நாலரை மணிக்குச் சபைதான் வாசலில் நிற்கவேண்டும். பற்றுச்சீட்டுப் புத்தகம், ஆட்களின் பெயர், காசு எண்ணுபவர், வங்கியில் போடுபவர் எல்லாம் முன்கூட்டி எழுதப்பட்டிருக்கட்டும். அந்த ஆயத்தம் இல்லாததால்தான் பல சபைகள் கட்டாத குத்தகைகாரரையே ஆண்டு முடிய வைத்திருக்கின்றன.

சபைக் கடைகளின் வாடகையும் பார்க்கவேண்டியது. சபைக்கு மாதம் சில ஆயிரம் கட்டிக்கொண்டு, அதே கடையை வேறொருவருக்குப் பல மடங்குக்குக் கொடுத்திருப்பவர்கள் உண்டு. மின் கட்டணப் பட்டியலில் யாருடைய பெயர், அனுமதிப்பத்திரத்தில் யாருடைய பெயர் என்று ஒப்பிட்டால் அரைநாளில் தெரியும்.

6. சம்பளம்

அங்கீகரிக்கப்பட்ட ஆளணிக்கான சம்பளத்தின் முழுவதையுமோ ஒரு பகுதியையோ அரசு மாகாணத்தின் ஊடாக மீளளிக்கிறது. மிகுதியும், மேலதிகநேரமும், நாட்சம்பளத் தொழிலாளரின் கூலியும் சபையின் காசு. சம்பள உயர்வை மத்தி அறிவிக்கும், சுமையில் ஒரு பங்கு இங்கே இறங்கும். 2024இல் வாழ்க்கைச் செலவுப் படி 7,800 இலிருந்து 17,800 ரூபாவானது. ஐம்பது பேர் உள்ள சபைக்கு முழு ஆண்டுக்கு 6 மில்லியன். ஐந்தில் ஒரு பங்கு சபையின் பொறுப்பென்றால் 1.2 மில்லியன், அதாவது 1,200 கடைகளின் உச்ச அனுமதிக் கட்டணம். ஒவ்வொரு ஆண்டும் இப்படியொரு அறிவிப்பு வரும் என்று எடுத்து, சம்பளத்தில் சபையின் பங்கில் 10 வீதத்தை ஒதுக்கி வையுங்கள்.

நாட்சம்பளக்காரரை நிறுத்துவது புத்தகத்தில் ஆகச் சுலபமான வெட்டு. குப்பை அள்ளுபவரும் வாய்க்கால் துப்புரவு செய்பவரும் அவர்கள்தான், ஊரில் ஆகக் குறைந்த வருமானக் குடும்பங்களும் அவர்களுடையவை. அதற்கு முன் மேலதிகநேரப் பதிவேட்டைத் திறவுங்கள். ஞாயிறு வேலையை மாற்று விடுமுறையாக்கினால், அலுவலக வாகன ஓட்டத்தைப் பாதியாக்கினால், எத்தனை பேரின் கூலி மிஞ்சும் என்று முதலில் கணக்கிடுங்கள். ஊழியர் சேமலாப நிதியைச் சுணக்குவதும் வேண்டாம். தண்டம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை போகும். எந்த வங்கிக் கடனும் அவ்வளவு விலையில்லை, அதோடு அது தொழிலாளியின் முதுமைக் காசு.

7. டீசலும் குப்பையும்

ஓர் உழவு இயந்திரம் நாளுக்கு 12 லீற்றர், மாதம் 26 நாள் என்றால் 312 லீற்றர். 121 ரூபா விலையில் 37,752 ரூபா, 460 ரூபாவில் 143,520 ரூபா. ஐந்து இயந்திரம் ஓடும் சபைக்கு மாதம் அரை மில்லியனுக்கு மேல் புதிதாகத் தேவைப்பட்டது. ஆகவே டீசலை ரூபாவில் ஒதுக்காமல் லீற்றரில் ஒதுக்குங்கள். வாகனத்துக்கு இத்தனை லீற்றர், ஒரு தொன் குப்பைக்கு இத்தனை லீற்றர் என்று பதிந்தால் விலை மாறினாலும் வீணானது தெரியும்.

லீற்றரைக் குறைக்கும் வழி, ஈரக் குப்பையைத் தூரத்துக்குக் காவாமல் விடுவது. சந்தைக் கழிவும் வாழைத் தண்டும் பெரும்பாலும் தண்ணீர். அதைக் கிலோமீற்றர் கணக்காக ஏற்றிப் போவது டீசலைக் கொட்டுவதற்குச் சமன். சந்தைக்கு அருகிலேயே கூட்டெரு போட இடம் ஒதுக்குங்கள். இரண்டரை, மூன்று மாதத்தில் அரித்து விற்கலாம். 2021இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இங்குள்ள தோட்டக்காரர் கூட்டெருவின் விலையை நன்றாக அறிவார்கள். கண்ணாடித் துண்டும் பிளாஸ்ரிக்கும் கலந்தால் ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். பிரித்து வாங்குவதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆனால் பராமரிப்பைக் குறைக்காதீர்கள். ஒவ்வொரு 250 மணித்தியாலத்துக்கும் செய்யும் எண்ணெய் மாற்றத்தை ஒத்திப்போட்டு மிச்சம் பிடிக்கும் சபை, ஆறாம் மாதம் இயந்திரத்தைத் திருத்த முடியாமல் நிற்கும், அப்போது உதிரிப்பாகம் இறக்குமதியாகாமலும் இருக்கலாம். ரயர், பற்றரி, வடிகட்டி, ஹைட்ரோலிக் குழாய் ஆகியவற்றுக்கு ஒரு சிறு இருப்பு வையுங்கள். அதேபோல் புரட்டாதி முடியுமுன் வாய்க்கால் துப்புரவு முடிந்திருக்கவேண்டும். அந்தச் செலவை வெட்டினால் மார்கழி, தையில் டெங்கு நோயாளராகவும் வெள்ள நிவாரணமாகவும் திரும்பி வரும். குடிதண்ணீர்ப் பவுசரும், மலக்குழியை உறிஞ்சும் கலி பவுசரும் இதே வகை. சுண்ணக்கல் நிலத்தில் கிணற்றையும் மலக்குழியையும் பக்கத்தில் வைத்திருக்கும் ஊர் இது; இரண்டும் நின்றால் நோய் பரவும். கலி பவுசர்க் கட்டணத்தை மட்டும் டீசல் விலையோடு சேர்த்து ஏற்றலாம், பயன்படுத்துபவர் கட்டும் சேவை அது.

எதை வெட்டலாம்? விழாக்கள், பரிசுப் பொருள், புதிய தளபாடம், வரவேற்பு வளைவு, கல்விச் சுற்றுலா, பத்திரிகை வாழ்த்து விளம்பரம். இவற்றால் தொகை பெரிதாக மிஞ்சாது. ஆனால் வரி கேட்டுப் படலைக்குப் போகும் பரிசோதகருக்கு முகம் கொடுக்க அது உதவும்.

8. வேலைகளும் ஒப்பந்தங்களும்

ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளை மூன்று பட்டியலாக்குங்கள்: முடிக்கக் கொஞ்சமே இருப்பவை, இடையில் நிறுத்தினால் பழுதாகுபவை, தொடங்காதவை. முதல் இரண்டுக்கும் காசு, மூன்றாவதை நிறுத்துங்கள். கல் பரப்பித் தாரிடாமல் விட்ட வீதி ஒரு மாரியில் போய்விடும். தொடங்காத வீதி போகாது.

விலை ஏறும் காலத்தில் பழைய மதிப்பீட்டோடு கேள்வி கோரினால் ஒருவரும் வரமாட்டார்கள், அல்லது வந்தவர் பாதியில் விட்டுப்போவார். மதிப்பீட்டை முப்பது நாளுக்குள் புதுப்பித்து, வேலையை இரண்டு மாதத்துக்குள் முடியக்கூடிய துண்டுகளாக்கி, பில்லை இரண்டு கிழமையில் கொடுங்கள். உடன் காசு கிடைக்கும் என்று தெரிந்தால் கேள்வி விலை இறங்கும். துண்டாக்குவது கேள்வி வரம்பைத் தவிர்க்கும் தந்திரமாகக்கூடாது. ஏன் பிரித்தோம் என்பதைக் கோப்பில் எழுதுங்கள். சிறு வாய்க்கால், மதகு வேலைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்குக் கொடுத்தால் கூலியும் ஊருக்குள்ளேயே நிற்கும்.

வட்டாரத்துக்குச் சமமாகப் பிரித்து ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு தொகை கொடுப்பது நெருக்கடியில் ஆகக் கெட்ட வழி. ஒன்றும் முடியாத இருபது வேலைகள்தான் மிஞ்சும்.

9. வைப்பு, கடன், புலம்பெயர்ந்தோர் உதவி

வட்டி ஏறும்போது எல்லாவற்றையும் ஓராண்டு வைப்பில் போட்டுவிட ஆசை வரும். மூன்றாகப் பிரித்து ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று போடுங்கள். முதிராமல் உடைத்தால் வட்டி போய்விடும். உள்ளூர்க் கடன் அபிவிருத்தி நிதியத்தில் கடன் எடுப்பது, கட்டிய கடையின் வாடகையே தவணையைக் கட்டும் என்றால் மட்டும். வாடகையில் கால்பங்கு வராது என்று வைத்துக் கணக்கிட்டும் தவணை கட்டுப்படவேண்டும். சம்பளத்துக்கோ டீசலுக்கோ கடன் வேண்டாம்.

2022இன் தொடக்கத்தில் 1,000 டொலர் சுமார் 200,000 ரூபா, மே மாதத்தில் சுமார் 360,000 ரூபா. ஊர்ச் சங்கங்களின் உதவி அந்த நேரம் பெரிதாகத் தெரியும், சீமெந்து விலையும் ஏறியிருப்பதால் அவ்வளவு பெரிதல்ல. வாங்குமுன் சபைத் தீர்மானம், தனிக் கணக்கு, முடிந்தபின் கணக்கறிக்கை மூன்றும் வேண்டும். புதிய நூலகக் கட்டிடம் தருகிறோம் என்றால் நூலகருக்கும் மின்சாரத்துக்கும் யார் கொடுப்பது என்று கேளுங்கள். இயலுமானால் அவர்களின் உதவியைத் தண்ணீர்ப் பவுசர் ரயர், முன்பள்ளிச் சத்துணவு, கூட்டெருக் கொட்டகை பக்கம் திருப்புங்கள். பெயர்ப்பலகை சிறிதாக இருக்கும், பயன் பெரிது.

10. சபையில் நிறைவேற்றுதல், யூலை மீளாய்வு

2018இல் கலப்புத் தேர்தல் முறை வந்த பிறகு ஒரு கட்சி தனியே பெரும்பான்மை பெறுவது அரிதாகிவிட்டது. 2020 டிசெம்பரில் யாழ்ப்பாண மாநகர சபையின் வரவு செலவுத் திட்டம் இரண்டு முறை தோற்று முதல்வர் பதவி இழந்தார். 2023 மார்ச் முதல் 2025 யூன் வரை உறுப்பினர் இல்லாமலே சபைகள் நடந்தன. ஆகவே அச்சிட்ட புத்தகத்தை டிசெம்பரில் மேசையில் வைத்து வாக்குக் கேட்காதீர்கள். ஒக்டோபரிலேயே மேலே சொன்ன 11 மில்லியன் கணக்கையும் காசு அட்டவணையையும் எல்லாக் கட்சி உறுப்பினருக்கும் ஒரே நாளில் கொடுங்கள். வெட்டும் ஒழுங்கை அவர்களோடு சேர்ந்து எழுதுங்கள்: வருமானம் 10 வீதம் குறைந்தால் எது நிற்கும், 20 வீதம் குறைந்தால் எது நிற்கும். அந்தப் பட்டியல் வரவு செலவுத் திட்டத்தின் பின்னிணைப்பாக நிறைவேறவேண்டும், அப்போதுதான் ஆவணி மாதத்தில் வெட்டும்போது சண்டை வராது.

மாதம் ஒரு பக்கம் சபைக்கு: சபையின் சொந்தக் காசு எத்தனை மாதத்துக்குக் காணும், சோலைவரி இதுவரை எவ்வளவு, சந்தைத் தவணை எத்தனை நாள் சுணக்கம், டீசல் எத்தனை லீற்றர், கொடுபடாத பில் எவ்வளவு. அதே பக்கத்தைச் சபை வாசலிலும் சனசமூக நிலையங்களிலும் ஒட்டுங்கள்.

யூலை 15க்குள் அரையாண்டு மீளாய்வு. தையில் கழிவுக்காகக் கட்டியவர்களும் சேர்வதால் சோலைவரியில் பாதிக்கு மேல் அந்த நேரம் வந்திருக்கவேண்டும். 45 வீதத்துக்குக் கீழே நின்றால் 10 வீத வெட்டுப் பட்டியலை அன்றே நடைமுறைப்படுத்துங்கள். ஒதுக்கீட்டுக்கு ஒதுக்கீடு காசை மாற்றுவதும் குறைநிரப்பு மதிப்பீடும் அந்த மாதக் கூட்டத்திலேயே நிறைவேறட்டும். வாய்க்கால் துப்புரவுக்கும் பவுசருக்கும் ஒதுக்கிய தொகையை அதில் தொடக்கூடாது.